இதில் என் பிள்ளை எங்கே?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கிய மாணவன் ஒருவன், மீன்சுருட்டி)

சென்ற ஐப்பசியில் எங்கள் ஊரில் ஒரு தம்பி இறந்தான். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் இல்லை. இந்தக் கல்லூரியில் எனக்கு இளையவன். கவிதை எழுதுவான். அவனைப் பெயர் சொல்லி எழுத அவன் வீட்டார் விரும்பவில்லை. ஆகவே தம்பி என்றே எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்திற்கு ஒரு கண்ணீர் அஞ்சலித் துண்டறிக்கை அச்சிட்டார்கள். "நீதான் தமிழ் படிக்கிறாய், நீயே எழுது" என்று பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். ஒரே இரவில் இருபத்து நான்கு அடிகள் எழுதினேன். எதுகை இருந்தது, மோனை இருந்தது. வாடிய மலர் இருந்தது, அணைந்த விளக்கு இருந்தது, உதிர்ந்த விண்மீன் இருந்தது, காலன் என்னும் கள்வனும் இருந்தான். படித்தவர்கள் பாராட்டினார்கள். நானும் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் தாய் என்னை அருகில் அழைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது இதுதான்:

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு சொல்றாங்க, தம்பி. ஆனா இதுல எம் புள்ள எங்கய்யா இருக்கான்?"

எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் கேட்டது சரி. அந்த இருபத்து நான்கு அடிகளில் பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊரில் எவர் இறந்தாலும் அதை அச்சிடலாம். அழகான சட்டை ஒன்றைத் தைத்திருந்தேன். அது யார் உடம்புக்கும் அளவெடுத்துத் தைத்ததல்ல.

அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இந்தக் கட்டுரை. தேடியபோது நான் கண்டது ஒரு கவிதை: பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பா.

மூத்தவரும் இளையவரும்

இருவரையும் அறியாதவர் நம்மில் எவரும் இலர். இருந்தாலும் சில செய்திகளை வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும்.

கண்ணதாசன் 1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் சிறுகூடல்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் முத்தையா. எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. 1949இல் திரைக்குப் பாட்டெழுத வந்தார்.

கல்யாணசுந்தரம் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையாரும் பாட்டுக் கட்டக் கூடியவர். பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மாடு மேய்த்தார், வயலில் உழைத்தார், உப்பளத்தில் வேலை செய்தார், மாம்பழம் விற்றார், நாடகத்தில் நடித்தார். அவர் பார்த்த தொழில்கள் பதினேழு என்று எண்ணிச் சொல்வார்கள். புதுவையில் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கற்றார். பொதுவுடைமை இயக்கத்தில் நின்றார். 'ஜனசக்தி' ஏட்டில் எழுதினார். ஐம்பதுகளின் நடுவில் திரையுலகிற்கு வந்தார். நான்கைந்து ஆண்டுகளே எழுதினார். 1959ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 29. வீட்டில் இளம் மனைவி, கைக்குழந்தை.

மறைந்தவருக்கு 29, அழுதவருக்கு 32. ஏறத்தாழ மூன்று வயதுதான் வேறுபாடு. பாவேந்தரோ அப்போது உயிரோடு இருந்தார். 1964 வரை வாழ்ந்தார். ஆசிரியர் இருக்க மாணவன் போனான். மூத்த கவிஞர் இருக்க இளைய கவிஞன் போனான். வரிசை தவறிப் போன சாவு அது.

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வயதானவர் இறந்தால் பெரும் பறையோடு, பூப்பல்லக்கோடு எடுத்துச் செல்வார்கள். கல்யாணச் சாவு என்பார்கள். இளையவன் இறந்தால் தெருவில் ஓசை இராது. பெரியவர்கள் தலை கவிழ்ந்து நடப்பார்கள். மூத்தவருக்குப் பாடும் இரங்கற்பாவில் நன்றி இருக்கும், நிறைவு இருக்கும். இளையவனுக்குப் பாடுகிறபோது அந்த நிறைவுக்கு வழியே இல்லை. 'ஏன்' என்ற கேள்வி மட்டுமே எஞ்சும். கண்ணதாசன் எழுதியது இந்த இரண்டாம் வகை.

கவிதையில் மனிதன் இருக்கிறான்

அந்தக் கவிதையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. கல்யாணசுந்தரம் வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர். வாயில் வெற்றிலை மெல்லும் நேரத்திலேயே அவர் நெற்றியில் ஒரு சிந்தனை ஓடிக்கொண்டிருப்பது தெரியுமாம். அதைக் கண்ணதாசன் கண்டிருக்கிறார், கண்டதை எழுதியிருக்கிறார்.

இதில் என்ன பெரிய கவித்துவம் என்று கேட்கலாம். வெற்றிலை போடாத மனிதர் அந்தக் காலத்தில் அரிது. ஆனால் வெற்றிலை போடுகிறபோது நெற்றியைப் பார்த்தவர் யார்? எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் பார்க்க முடியும். ஒரு முறை பார்த்தவர் கவனிக்க முடியாது; பலமுறை எதிரே உட்கார்ந்தவர்தான் கவனிக்க முடியும். அடுத்த சொல் எப்போது வரும் என்று காத்திருந்தவர் மட்டுமே அந்த நெற்றியைப் படிக்க முடியும். இன்னொரு கவிஞர்தான் அது. ஒரே தொழில் செய்யும் ஒருவருக்குத்தான் அந்த மௌனம் சோம்பல் அன்று, வேலை என்று தெரியும்.

நான் எழுதியதில் விண்மீன் இருந்தது. கண்ணதாசன் எழுதியதில் வெற்றிலை இருந்தது. விண்மீனை எந்தத் தாயும் தன் பிள்ளை என்று அடையாளம் காண மாட்டாள். வெற்றிலையைக் காண்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றே வயது இளையவனை அந்தக் கவிதை மகன் நிலையில் வைத்து அழுகிறது. சிரித்த முகமும் தாய்மைக் குணமும் உள்ள பிள்ளை போய்விட்டானே என்று புலம்புகிறது. தமிழையே அழைத்து, என் கவிஞன் எங்கே என்று முறையிடுகிறது. உயிரைக் கொடுத்தால் அவன் பிழைப்பான் என்றால் என் உயிரைத் தருகிறேன் என்கிறது.

மிகை அல்லவா இது?

நண்பர்களோடு இதைப் பற்றி விவாதித்தேன். விடுதித் திண்ணையில் ஒருவர் மறுத்தார். "உயிரைத் தருகிறேன் என்பது வெறும் பேச்சு. எவரும் தந்ததில்லை. நீ எழுதிய விண்மீனும் பொய். அவர் எழுதிய இதுவும் பொய். உன்னுடையதைக் குறை சொல்லி அவருடையதைப் புகழ்வது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சில நாள் எனக்கும் விடை கிடைக்கவில்லை. பிறகு எங்கள் தெருவிலேயே கிடைத்தது. சாவு வீட்டில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கிறபோது கேட்டிருக்கிறீர்களா? 'என்னை எடுத்துக்கொண்டு உன்னை விட்டிருக்கக் கூடாதா' என்று அழாத தாய் உண்டா? அதை எவரும் மிகை என்று சொல்வதில்லை. அவள் ஒரு செய்தியை அறிவிக்கவில்லை. தன்னால் இயலாத ஒன்றைச் செய்யத் துடிக்கிறாள். கையறுநிலை என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான்: செயலற்றுப் போன நிலை. செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன் கொடுப்பதற்குக் கையில் இருக்கும் ஒரே பொருளை நீட்டுகிறான். விண்மீன் என்று நான் எழுதியபோது என்னிடம் அந்தத் துடிப்பு இல்லை. எதுகைக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, எழுதினேன். சொல் மிகையாக இருப்பது குற்றமில்லை. சொல்லுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் இருப்பதே குற்றம் என்பேன் நான்.

சினிமாக் கவிஞர்களா?

வேறொரு மறுப்பும் வந்தது. "இருவரும் சினிமாவுக்குப் பாட்டெழுதியவர்கள். பாடத்திட்டத்தில் உள்ள பழைய இலக்கியங்களை விட்டுவிட்டு இதை ஏன் பெரிதாகப் பேசுகிறாய்?" என்றார் இன்னொரு நண்பர். அவருக்கு நம் பாடத்திட்டத்திலிருந்தே விடை சொல்கிறேன்.

தொல்காப்பியம் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலை சொல்லப்படுகிறது. புறநானூற்றில் அந்தத் துறைப் பாடல்கள் பல. அவற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன். அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடியதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாட்டு எதில் தொடங்குகிறது? கள்ளில் தொடங்குகிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட உடனிருந்து உண்பான் என்கிறார். பிறகு சோறு, பிறகு எலும்போடு கூடிய இறைச்சி. அரசன் ஒருவனுக்குப் பாடிய புலம்பலில் சாப்பாட்டுக் கணக்கு! அந்தக் கணக்கைப் படித்த பிறகுதான், அவன் மார்பில் தைத்த வேல் இரவலர் கைப்பாத்திரத்தையும் புலவர் நாவையும் துளைத்துச் சென்றது என்று ஔவையார் சொல்வதை நாம் நம்புகிறோம். முன்னது இல்லாமல் பின்னது வெறும் அணியாகப் போயிருக்கும்.

பொத்தியாரைப் பாருங்கள். நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்தான். அந்தச் சோழன் அரசன் மட்டும் அல்லன்; புறநானூற்றிலும் குறுந்தொகையிலும் அவன் பாடல்கள் உள்ளன. ஆகவே இதுவும் புலவன் புலவனுக்காக அழுததே. உறையூருக்குத் திரும்பி வந்த பொத்தியார், பல ஆண்டு சோறிட்டு வளர்த்த யானையை இழந்த பாகன் அது கட்டியிருந்த வெறுந்தறியைப் பார்த்து அழுவது போல அழுதேன் என்கிறார். வெறும் தறி! வானத்தைப் பார்க்கவில்லை அவர். தரையில் நட்ட ஒரு கம்பத்தைப் பார்த்தார்.

ஒல்லையூரில் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லைப் பூவைப் பார்த்து, சூடுவதற்கு இனி யார் இருக்கிறார் என்று பூத்தாய் எனக் கேட்டார். இவர் பாட்டிலும் பூ வருகிறது. என் பாட்டிலும் பூ வந்தது. ஆனால் அது அந்த ஊர்ப் பூ. இன்னார் சூட வேண்டிய பூ. என்னுடையது எந்த ஊரிலும் பூக்காத பூ.

இப்போது சொல்லுங்கள்: கள், யானைத்தறி, முல்லை, வெற்றிலை. இவை ஒரே வரிசையில் வரவில்லையா? இரண்டாயிரம் ஆண்டு மரபு ஒன்று எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர் கையில் தொடர்ந்தது. அதைத் திரைப்படக் கொட்டகை வாசலில் நிறுத்தி உள்ளே விட மறுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கடல் கடந்த இரண்டு இரங்கற்பாக்கள்

ஆங்கிலத் துறைப் பேராசிரியர்களும் இதைப் படிப்பார்கள். அவர்கள் வகுப்பில் கேட்டதையும் இங்கே எண்ணிப் பார்க்கிறேன்.

1637ஆம் ஆண்டு எட்வர்ட் கிங் என்ற இளைஞர் ஐரிஷ் கடலில் கப்பல் உடைந்து மூழ்கினார். கேம்பிரிட்ஜில் மில்டனோடு ஒரே கல்லூரியில் படித்தவர், அவருக்கு இளையவர், அவரும் கவிதை எழுதியவர். மறு ஆண்டு அவர் நினைவாகக் கேம்பிரிட்ஜ் நண்பர்கள் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். மில்டனின் 'லிசிடஸ்' முதலில் அச்சானது அந்தத் தொகுப்பில்தான். உலகம் போற்றும் ஓர் இரங்கற்பா, உடன் படித்தவனுக்காக மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து போட்ட நூலில் பிறந்தது! நம் மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1821இல் கீட்ஸ் ரோம் நகரில் காசநோயால் மறைந்தார். வயது 25. அவருக்கு ஏறத்தாழ மூன்று வயது மூத்தவர் ஷெல்லி. அவர் 'அடோனைஸ்' என்ற நெடும்பாட்டை எழுதினார், 55 பத்திகள். மறு ஆண்டே ஷெல்லியும் கடலில் மூழ்கினார். அப்போது அவருக்கு வயது 29. அவர் சட்டைப்பையில் கீட்ஸின் கவிதை நூல் இருந்தது.

அடோனைஸ் பெரிய கவிதை. சாவைப் பற்றிய துயரத்தில் தொடங்கி அழியாமை பற்றிய சிந்தனைக்கு ஏறுகிறது. அந்த உயரத்தைக் கண்ணதாசனின் சிறிய பாட்டு எட்டவில்லை. எட்ட முயலவும் இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீட்ஸ் எப்படிச் சிரிப்பார், எப்படி உட்காருவார் என்பதை அடோனைஸைப் படித்து அறிய முடியாது. ஷெல்லி அவரோடு நெருங்கிப் பழகியவரும் அல்லர். கிரேக்கப் புராணத்து இளைஞனாகக் கீட்ஸ் மாறிவிடுகிறார். கீட்ஸின் தாய் உயிரோடு இருந்து அந்தப் பாட்டைப் படிக்கக் கேட்டிருந்தால், எங்கள் ஊர்த் தாயின் கேள்வியையே கேட்டிருக்கக் கூடும். ஆங்கிலப் பேராசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் கருத்து இது.

ஷெல்லியின் கவிதையில் என்னைக் குத்திய இடம் வேறு. கீட்ஸின் கவிதையை ஏளனம் செய்து ஓர் ஏட்டில் வந்த மதிப்புரைதான் அவரைக் கொன்றது என்று ஷெல்லி சினந்தார். மருத்துவ உண்மை அதுவன்று, கொன்றது காசநோய். ஆனாலும் அந்தச் சினத்தைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மலர்க் குழுவில் மாணவர் சார்பில் நானும் இருந்தேன். எங்கள் ஊர்த் தம்பி முதலாண்டு மாணவன். சோழகங்கம் என்னும் பொன்னேரி வற்றிக் கிடந்ததைப் பற்றி ஒரு கவிதை எழுதி என்னிடம் கொடுத்தான். படித்தேன். தளை தட்டியது, இரண்டு இடத்தில் பேச்சு வழக்கு. "அடுத்த ஆண்டு பார்ப்போம், தம்பி. யாப்பைக் கொஞ்சம் படி" என்றேன். அவன் முகம் சுளிக்கவில்லை. "சரிண்ணா" என்றான். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு வந்துவிட்டது. தளை தட்டாத என் இருபத்து நான்கு அடிகள் அச்சாகிவிட்டன. தளை தட்டிய அவன் கவிதை அச்சாகவில்லை. காய்ச்சல்தான் அவனைக் கொண்டுபோனது, நான் அல்லன். ஆனாலும் அவன் தாய் கேட்ட கேள்விக்கு ஒரு விடை என் கையிலேயே இருந்திருக்கிறது. 'இதில் என் பிள்ளை எங்கே' என்றால், அவன் அந்த மடித்த தாளில் இருந்தான்.

தொழிலில் போட்டி, துயரில் தோழமை

மீண்டும் கண்ணதாசனிடம் வருகிறேன். அந்தக் கவிதையை நான் உயர்வாக மதிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு.

1959இல் அந்த இருவரும் ஒரே களத்தில் நின்றவர்கள். அந்த ஆண்டு வெளிவந்த 'கல்யாணப் பரிசு' படத்தின் பாடல்களை எழுதியவர் கல்யாணசுந்தரம். அதற்கு முந்திய ஆண்டு 'நாடோடி மன்னன்' படத்தில் உறங்கிக் கிடக்கும் தம்பியை எழுப்பும் அவர் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. திரைப்பாட்டு என்பது ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காத வாய்ப்பு. கொள்கையிலும் இருவரும் ஒரே அணி அல்லர். இவர் அப்போது தி.மு.க.வில், அவர் பொதுவுடைமைக்காரர். தொழிலில் போட்டி, அரசியலில் வேறு முகாம். இப்படிப்பட்ட ஒருவர் இறந்தால் மரியாதைக்கு நான்கு வரி எழுதி ஒதுங்கிவிடுவது உலக வழக்கம். கண்ணதாசன் ஒதுங்கவில்லை. பொல்லாத செயல் எதையும் செய்தறியாதவன் என்று போட்டியாளருக்குச் சான்றிதழ் தருகிறார். மாகவிஞன் என்கிறார்.

இறந்தவரைப் புகழ்வது எளிது, அவர் இனிப் போட்டிக்கு வரமாட்டாரே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சொல்லில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வெறும் புகழ்ச்சிக்கு அந்த வெற்றிலையும் நெற்றியும் வேண்டியதில்லை. அவற்றை எழுத, உயிரோடு இருந்தபோதே அவனைப் பொறாமை இல்லாமல் பார்த்திருக்க வேண்டும். இரங்கற்பாவை இறந்த பிறகு எழுதுகிறோம். அதற்கு வேண்டிய பொருளை இருக்கும்போதே சேர்த்தாக வேண்டும். நான் சேர்க்கவில்லை. தம்பியின் தளையைப் பார்த்தேன், தம்பியைப் பார்க்கவில்லை.

சாவைப் பாடுவது கண்ணதாசனுக்குப் பழகிய செயல். 1964இல் நேரு மறைந்தபோது அவர் எழுதிய கவிதையைப் பெரியவர்கள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். தம் மறைவுக்கும் தாமே இரங்கற்பா எழுதி வைத்தவர் அவர். 1981ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் சிகாகோவில் அவர் மறைந்தார். வயது 54. அதே அக்டோபர் மாதம்தான் இளைய நண்பரையும் கொண்டுபோயிருந்தது.

எழுத்தைச் சேர்ப்பதே கடன்

இரங்கற்பா எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இருப்பவருடைய எழுத்து. இறந்தவனுடைய எழுத்து வேறு. அதைக் காப்பதுதான் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் கடமை என்று நினைக்கிறேன்.

பட்டுக்கோட்டையார் மறைந்த பிறகும் அவர் பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. 'அரசிளங்குமரி' 1961இல் வந்தது. 'திருடாதே'யும் 1961இல்தான் வந்தது. சின்னப் பையனுக்குச் சேதி சொல்லும் பாட்டையும், திருட்டை ஒழிக்கச் சட்டம் மட்டும் போதாது என்ற பாட்டையும் தமிழகம் கேட்டபோது எழுதியவர் இல்லை. 1993இல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. உப்பளத்தில் நின்ற மனிதரின் சொல் இன்று யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளக் கூடிய பொதுச் சொத்து. கண்ணதாசனின் கவிதை அந்த மனிதரின் முகத்தைக் காத்தது. நூல்களும் இசைத்தட்டுகளும் அவர் குரலைக் காத்தன. இரண்டும் வேண்டும்.

எங்கள் தம்பிக்கு இரண்டுமே இல்லை. இந்த மலர்க் குழுவிடமும் பேராசிரியர்களிடமும் நான் கேட்பது இவைதாம்.

முதலாவது, நம்மோடு படித்த ஒருவர் மறைந்தால், இனிக் கருப்புக் கட்டத்துக்குள் எவருக்கும் பொருந்தும் நான்கு வரி போடுவதை நிறுத்துவோம். அவர் எழுதியது ஏதேனும் இருந்தால் அதை அச்சிடுவோம். எழுதாதவராக இருந்தால், அவரைப் பற்றி உடன் படித்தவர்கள் கண்ணால் கண்டதை எழுதச் சொல்வோம். ஒரு பக்கம் போதும்.

இரண்டாவது, உயிரோடு இருக்கும் இளைய மாணவர்களின் கவிதைகளைத் தளை தட்டுகிறது என்று திருப்பி அனுப்பும் முன், ஒருமுறை அவர்களை அருகில் உட்காரவைத்துத் திருத்திக் காட்டுவோம். யாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டுக்கோட்டையாருக்குப் பாவேந்தர் இருந்தார். 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்ற சொல்லை மட்டும் நம் மலர்க் குழு மறந்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு எல்லார்க்கும் வருவதில்லை.

இரண்டாம் முறை எழுதியது

மார்கழியில் மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். தம்பியின் நோட்டைக் கேட்டேன். தாய் உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார். என்பது பக்க நோட்டு. முப்பத்தொரு கவிதைகள். பொன்னேரிக் கவிதையும் இருந்தது. தளை தட்டிய இடத்தில் பென்சிலால் அடித்து அடித்துத் திருத்தியிருந்தான். நான்கு முறை மாற்றியிருக்கிறான். யாப்பைப் படித்திருக்கிறான்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு போன தாளை எடுத்து அந்தத் தாய்க்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை அதில் எதுகை இல்லை. விண்மீன் இல்லை. எழுதியிருந்தது இவ்வளவுதான்:

காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிப்பான். முந்திரிப் பழத்தைக் கடித்து வெள்ளைச் சட்டையில் கறை ஆக்கிக்கொள்வான்; கறை போகாதென்று தெரிந்தும் மறுநாளும் கடிப்பான். கங்கைகொண்டசோழபுரத்துக்கு இரண்டு பேரும் சைக்கிளில் போவோம். நான் கோயிலைப் பார்ப்பேன். அவன் மாளிகைமேட்டுக்குப் போய், அரண்மனை இருந்த இடத்தில் எஞ்சிக் கிடக்கும் செங்கல்லைத் தடவிப் பார்ப்பான். "அண்ணா, ராசா இருந்த இடத்தைவிடச் செங்கல் அறுத்தவன் இருந்த இடம் எங்கேன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்" என்பான். பேருந்தில் யாராவது பெரியவர் நின்றால் முதலில் எழுந்திருப்பவன் அவன். கடன் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. கவிதையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தபோது, "சரிண்ணா" என்றான்.

தாய் ஒன்றும் பேசவில்லை. முந்திரிப் பழம் என்று நான் படித்தபோது மட்டும் லேசாகச் சிரித்தார். உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தாளை வாங்கி, நோட்டுக்குள் வைத்து, மறுபடியும் துணியைச் சுற்றினார்.

பொன்னேரிக் கவிதையைப் பார்த்து எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன். கொடுத்தார். அதை மலர்க் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறேன். பேச்சு வழக்கு வரும் இரண்டு இடங்களையும் நான் திருத்தவில்லை. இடம் போதாதென்றால் இந்தக் கட்டுரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவிதையைக் குறைக்காதீர்கள்.